எஸ் எங்கே போனது, கோடு எங்கிருந்து வந்தது?

கேள்வி: மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். 'பதினைந்து வயதுச் சிறுவன்' என்பதை 'ஃபிஃப்டீன் இயர்ஸ் ஓல்ட் பாய்' என்று எழுதினேன். எடிட்டர் 'இயர்ஸ்' கடைசியில் இருந்த எஸ்ஸை அடித்து, நடுவில் இரண்டு ஹைஃபன் (சொற்களை இணைக்கும் சிறு கோடு) போட்டார். அதே பக்கத்தில் 'தி பாய் இஸ் ஃபிஃப்டீன் இயர்ஸ் ஓல்ட்' என்று வந்ததைத் தொடவே இல்லை. ஏன்?

பதில்: இரண்டு இடத்திலும் அவர் செய்தது சரி. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடைமொழியாக வரும்போது அந்த மூன்று சொல்லும் சேர்ந்து ஒரே சொல். அதனால் பன்மை உதிர்கிறது, ஹைஃபன் கட்டிப்போடுகிறது. பெயருக்குப் பின்னால் போனால் கட்டு அவிழ்ந்துவிடும். நாமும் 'ஐந்து மாடிக் கட்டடம்' என்கிறோமே தவிர, 'ஐந்து மாடிகள் கட்டடம்' என்பதில்லை.

சொல் வரிசையும் நமக்குப் பழகியதுதான். 'ஸ்பீக்ஸ் தமிழ்' என்று வினையை முன்னால் வைக்கும் ஆங்கிலம், அடைமொழி ஆனதும் 'தமிழ்-ஸ்பீக்கிங்' என்று திரும்பிக்கொள்கிறது. அப்படியே 'தமிழ் பேசும்'.

ஹைஃபனை அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். 'மேன்-ஈட்டிங் ஷார்க்' மனிதனைத் தின்னும் சுறா. கோட்டை எடுத்துவிட்டால், ஒரு மனிதன் சுறாவைத் தின்றுகொண்டிருக்கிறான். (சுறாப்புட்டுப் பிரியர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை.)

'நியூலி மேரீட் கப்பிள்' என்பதில் மட்டும் ஹைஃபன் போடாதீர்கள். 'லி'யில் முடியும் வினையடை அடுத்த சொல்லைத்தான் பிடித்துக்கொள்ளும், குழப்பத்துக்கு இடமில்லை. ஆனால் 'ஃபேமிலி'யும் 'லி'யில்தான் முடிகிறது, அது வினையடை அல்ல. 'ஃபேமிலி-ஓன்ட் ஷாப்' என்றால் கோடு வேண்டும். இந்த இடத்தில் பழகிய கைகளே சறுக்கும்.

2007-இல் வந்த ஷார்ட்டர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆறாம் பதிப்பு சுமார் 16,000 சொற்களிலிருந்து ஹைஃபனை எடுத்தது. 'ஐஸ் க்ரீம்' இரண்டு சொல்லானது, 'பம்பிள்பீ' ஒன்றாக ஒட்டிக்கொண்டது. அதைக் காட்டி 'ஹைஃபன் காலாவதி' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அங்கே உதிர்ந்தது பெரும்பாலும் கூட்டுப்பெயர்களில்தான்.

'ஹை ஸ்கூல் டீச்சர்' போலக் காலங்காலமாகச் சேர்ந்தே வரும் சொற்களில் உங்கள் எடிட்டர் கோடு போடாமல் விட்டால் சண்டைக்குப் போகாதீர்கள். உயரமான பள்ளி ஆசிரியர் என்று யாரும் படிக்க மாட்டார்கள்.