திரையில் முப்பது வரிகள், கணக்கில் ஓர் இலட்சம்: பெரிய பட்டியல்கள் பற்றிய கேள்வி பதில்

நீலகிரியில் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கும் விடுதிகளுக்கும் கடைகளுக்கும் கணக்குச் செயலிகள் எழுதுவோரிடமிருந்து இம்முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே துன்பத்தைச் சொல்கின்றன: பட்டியல் வளர்ந்ததும் திரை உறைந்துபோகிறது. குன்னூரில் இருபது ஆண்டுகளாக இந்த வேலையையே செய்துவருபவன் என்ற முறையில், செய்து பார்த்து உறுதியானவற்றை மட்டும் விடைகளாகத் தருகிறேன்.

கோத்தகிரி, தேயிலைத் தொழிற்சாலைக் கணக்கர்: ஐயா, எங்களுக்குச் சுமார் 600 சிறு விவசாயிகள் பசுந்தேயிலை கொடுக்கிறார்கள். ஒருவர் ஆண்டுக்கு 200 முறை கொடுத்தால் எடைப் பதிவுகள் 1,20,000 ஆகின்றன. மைக்ரோசாஃப்டின் டாட் நெட் நிரலாக்கத் தளத்தில் எழுதிய எங்கள் செயலியில், வரிகளைப் பட்டியலாகக் காட்டும் லிஸ்ட்வியூவில் ஆண்டுக் கணக்கைத் திறந்தால் ஒரு நிமிடத்துக்கு மேல் எதுவும் அசைவதில்லை. புதிய கணினி வாங்கினால் சரியாகுமா?

பதில்: கணினிக்குச் செலவிட வேண்டாம். உங்கள் திரையில் ஒரே நேரத்தில் தெரிவது முப்பது வரிகள்தான். ஆனால் செயலி 1,20,000 வரிகளுக்கும் தனித்தனியே ஒரு பொருளை (ஆப்ஜெக்ட்) உருவாக்கி, ஒவ்வொன்றையும் விண்டோஸின் பட்டியலுக்குள் செருகி, செருகும்போதெல்லாம் திரையை மீண்டும் வரையவும் முயல்கிறது. அந்த முப்பது வரிகளைக் காண்பதற்காகக் கணக்கர் மற்றவை அனைத்துக்கும் சேர்த்துக் காத்திருக்கிறார்.

இன்றே செய்யக்கூடிய சிறு மருந்து ஒன்று உண்டு. வரிகளைச் சேர்ப்பதற்கு முன் பிகின்அப்டேட், முடித்த பின் எண்ட்அப்டேட் என்ற இரண்டு அழைப்புகளை இடுங்கள். இடையில் திரை வரையப்படாது. பட்டியலின் தானியங்கி வரிசைப்படுத்தல் இயங்கிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்திவிட்டு, வரிகளை ஒவ்வொன்றாகச் சேர்க்காமல் ஆட்ரேஞ்ச் மூலம் மொத்தமாகச் சேருங்கள். காத்திருப்பு கணிசமாகக் குறையும்.

நிலையான தீர்வு விர்ச்சுவல் மோட், அதாவது எல்லா வரிகளையும் முன்கூட்டியே நிரப்பாமல் தேவைப்படும்போது மட்டும் கொடுக்கும் முறை. 2005-இல் வெளியான டாட் நெட் 2.0 முதலே லிஸ்ட்வியூவில் இந்த வசதி இருக்கிறது. மொத்தம் எத்தனை வரிகள் என்ற எண்ணிக்கையை மட்டும் பட்டியலிடம் சொல்லிவிட்டால், ஒரு வரி திரைக்கு வரும் நேரத்தில் அது ரிட்ரீவ்விர்ச்சுவல்ஐட்டம் என்ற நிகழ்வின் வழியாக ‘இத்தனையாவது வரியில் என்ன இருக்கிறது?’ என்று உங்கள் நிரலைக் கேட்கும். தரவு உங்களிடமே இருக்கும். பட்டியல் ஒரு சன்னல் மட்டுமே. இந்த ஒரு மாற்றத்தில், 1,20,000 வரிகளின் கணக்கும் 300 வரிகளின் கணக்கும் திரையில் ஒரே வேகத்தில் தோன்றும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அந்த நிகழ்வு ஒவ்வொரு ஸ்க்ரோலுக்கும் பல முறை எழும். அதற்குள் டேட்டாபேஸைத் திறந்து தேடினால் முன்பு ஒரே முறை பட்ட துன்பத்தை இனிச் சிறிது சிறிதாக நாள் முழுவதும் படுவீர்கள். நினைவகத்தில் வரிசையாக அடுக்கிய ஓர் அணியிலிருந்து (அர்ரே) எடுத்துக் கொடுப்பதைத் தவிர வேறு வேலையை அங்கே வைக்காதீர்கள்.

அதே கணக்கர்: விர்ச்சுவல் மோடுக்கு மாறினால் தேதி வாரியாகவும் உறுப்பினர் எண் வாரியாகவும் வரிசைப்படுத்துவது நின்றுவிடும் என்கிறார்களே?

பதில்: பட்டியல் தானாக வரிசைப்படுத்துவது நின்றுவிடும் என்பது உண்மை, ஏனென்றால் அதனிடம் தரவே இல்லை. அந்தப் பொறுப்பு உங்களுடையதாகிறது, அது நல்லதுதான். பதிவுகளை இடம் மாற்றாமல், 0 முதல் 1,19,999 வரையிலான எண்கள் கொண்ட ஓர் அணியை வைத்துக்கொண்டு அந்த எண்களை மட்டும் வரிசைப்படுத்துங்கள். பட்டியல் பத்தாவது வரியைக் கேட்டால், அந்த அணியின் பத்தாவது இடத்தில் உள்ள எண்ணுக்குரிய பதிவைக் கொடுங்கள். வடிகட்டுவதற்கும் இதே அணி போதும்.

நான் பட்ட ஒரு பாட்டை இங்கே சொல்லியாக வேண்டும். விர்ச்சுவல் மோடில் தேர்வு என்பது வரியின் இடத்தை மட்டுமே குறிக்கும், பதிவை அன்று. நான் எழுதிய ஒரு செயலியில், பயனர் ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு வரிசையை மாற்றினார். தேர்வு அதே இடத்தில் நிற்க, அங்கே வேறொருவர் வந்துவிட்டார். மாதக் கணக்குச் சீட்டு தவறான பெயரில் அச்சாகிவிட்டது. ஆகவே வரிசை மாற்றும் முன் தேர்ந்த பதிவின் எண்ணைக் குறித்துக்கொண்டு, மாற்றிய பின் அதன் புதிய இடத்தைக் கண்டுபிடித்து மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டும். விவசாயியின் பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் வேகத்தைவிட இது முக்கியம்.

குன்னூர், கல்லூரி மாணவி: ஐயா, என் செயலியில் விவசாயிகளின் பெயர்கள் தமிழில் உள்ளன. வரிசைப்படுத்த அதிக நேரமாகிறது. எழுத்துகளை யூனிகோட் எண்படி (கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் உள்ள எண்) நேரடியாக ஒப்பிட்டால் வேகம் வருகிறது, ஆனால் வரிசை தவறாக இருக்கிறது. ஏன்?

பதில்: மிக நல்ல கேள்வி. யூனிகோடில் தமிழ் எழுத்துகளின் எண் வரிசை நம் அகரவரிசை அன்று. அங்கே ஜ என்பது சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவில் நிற்கிறது. ன என்பது நகரத்தை அடுத்தே வந்துவிடுகிறது, நாமோ அதைப் பதினெட்டு மெய்களில் கடைசியாக வைக்கிறோம். புள்ளியின் எண்ணும் உயிர்மெய்க் குறிகளுக்கெல்லாம் பின்னால் இருப்பதால், ககர வரிசையில் முதலில் வர வேண்டிய க் என்பது கௌ என்பதற்கும் பின்னால் போய்விடுகிறது.

எனவே தமிழ் விதிகளை அறிந்த ஒப்பீட்டையே பயன்படுத்த வேண்டும். அது மெதுவானது என்பதும் உண்மை. ஒரு இலட்சம் பெயர்களை வரிசைப்படுத்தும்போது ஏறத்தாழ 17 இலட்சம் ஒப்பீடுகள் நடக்கின்றன. ஒவ்வொன்றிலும் அந்த விதிகள் புதிதாக ஆராயப்படுகின்றன. இதற்கு வழி, ஒவ்வொரு பெயருக்கும் வரிசைச் சாவி ஒன்றை ஒரே முறை உருவாக்கிச் சேமித்துக்கொள்வது. டாட் நெட்டில் கம்பேர்இன்ஃபோ என்ற வகுப்பும், பிற நிரல் மொழிகளில் ஐசியு என்ற ஆயத்த நிரல் நூலகமும் இத்தகைய சாவியைத் தருகின்றன. சாவி என்பது வெறும் பைட்டுகளின் தொடர் என்பதால், அதன் பிறகு நடக்கும் ஒப்பீடுகள் எண்களை ஒப்பிடுவதுபோல் விரைவாக முடியும். வேகத்துக்காகத் தமிழ் வரிசையைக் கைவிடாதீர்கள். தன் பெயரைப் பட்டியலில் உரிய இடத்தில் காண்பது ஒருவரின் உரிமை.

மஞ்சூர், செயலி எழுதுபவர்: டாட் நெட்டின் திரை அமைப்புக் கருவியான டபிள்யூபிஎஃப்பில் விர்ச்சுவலைசேஷன் (தெரியும் வரிகளை மட்டும் உருவாக்குவது) தானாகவே இருக்கும் என்று படித்தேன். எனினும் 50,000 வரிகளில் என் பட்டியல் தடுமாறுகிறது.

பதில்: தானாக இருக்கிறது, தெரியாமல் அதை அணைத்துவிடுவதும் எளிது. பட்டியலை, உறுப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும் ஸ்டாக்பேனலுக்குள்ளோ, ஸ்க்ரோல் செய்ய இடம் தரும் இன்னொரு ஸ்க்ரோல்வியூவருக்குள்ளோ வைத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். அப்படி வைத்தால் பட்டியலுக்கு எல்லையற்ற உயரம் கிடைக்கிறது. எல்லா வரிகளும் தெரிவதாக எண்ணி அது 50,000 வரிகளையும் கட்டியெழுப்புகிறது. அடுத்து, வரி வரியாக ஸ்க்ரோல் செய்யச் சொல்லும் கேன்கன்டென்ட்ஸ்க்ரோல் என்ற அமைப்பை ஃபால்ஸ் ஆக்கியிருந்தாலும் இதே விளைவுதான். வரிகளைக் குழுக்களாகப் பிரித்திருந்தால், டாட் நெட் 4.5-இல் வந்த அதற்கான அமைப்பைத் தனியே இயக்க வேண்டும். இவை சரியான பின் ரீசைக்ளிங் முறையையும் இயக்குங்கள். மேலே மறைந்த வரியின் கட்டமைப்பே கீழே வரும் வரிக்குப் பயன்படும்.

கூடலூர், மென்பொருள் பயிலுநர்: நான் டாட் நெட் அல்ல, கியூட்டி என்ற வேறொரு செயலி உருவாக்கக் கருவியைப் பயன்படுத்துகிறேன். எனக்கும் இதுதானா?

பதில்: அடிப்படை இதுவே. கியூட்டியின் ஆயத்த அட்டவணையான கியூடேபிள்விட்ஜெட் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பொருளை வைத்துக்கொள்ளும். அதை விட்டுவிட்டு, காட்டும் வேலையை மட்டும் செய்யும் கியூடேபிள்வியூவுக்கு, கேட்ட தரவைக் கொடுக்கும் உங்கள் சொந்த மாடலை எழுதிக் கொடுங்கள். மரப் பட்டியலாக இருந்தால் எல்லா வரிகளும் ஒரே உயரம் என்பதைச் செட்யூனிஃபார்ம்ரோஹைட்ஸ் மூலம் சொல்லிவிடுங்கள். வரி உயரங்களை உள்ளடக்கத்துக்கு ஏற்பத் தானாக அளக்கச் சொன்னால் ஒவ்வொரு வரியின் எழுத்தும் அளக்கப்படும். ‘கொ’ போன்ற எழுத்துகளில் குறியை இருபுறமும் பொருத்தி வரைய வேண்டிய தமிழில் அந்த அளவீடு ஆங்கிலத்தைவிடச் செலவு மிக்கது.

உதகை, பறவைப் படங்கள் எடுப்பவர்: நீலகிரிச் சிரிப்பான், நெட்டைக்காலி எனப் பல ஆயிரம் படங்கள் வைத்திருக்கிறேன். அவற்றைச் சிறு படங்களாகப் பட்டியலிட ஒரு செயலி எழுதினேன். சிறிது ஸ்க்ரோல் செய்ததும் நினைவகம் தீர்ந்துபோகிறது.

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். 6,000க்கு 4,000 புள்ளிகள் கொண்ட ஒரு படத்தை விரித்தால், ஒரு புள்ளிக்கு 4 பைட் வீதம் சுமார் 96 எம்பி ஆகிறது. முழுப் படத்தையும் விரித்து, அதைச் சுருக்கிக் காட்டி, பெரியதையும் விடாமல் பிடித்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. ஜேபெக் படத்தை விரிக்கும்போதே எட்டில் ஒரு பங்கு அளவில் விரிக்க முடியும். பெரும்பாலான நூலகங்களில் அந்த வசதி உண்டு. கேமரா தானே உள்ளே பதித்துவைக்கும் சிறு படம் இருந்தால் அதுவே போதும். ஒரு முறை செய்த சிறு படங்களை வட்டில் சேமித்து வையுங்கள்.

படம் விரிக்கும் வேலை, திரையைத் தடுக்காமல் தனியே ஓடும் பின்னணித் த்ரெட்டில் நடக்கட்டும். ஆனால் கேட்ட வரிசையிலேயே செய்துகொண்டு போகாதீர்கள். பயனர் வேகமாகக் கீழே இறங்கும்போது, கடந்துபோன படங்களுக்கான கோரிக்கைகளை நீக்கிவிட்டு, இப்போது கண்முன் இருப்பவற்றை முதலில் விரிக்க வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஸ்க்ரோல் நின்ற பிறகும் திரை நெடுநேரம் வெறுமையாக இருப்பதற்கு இதுவே காரணம்.

கோத்தகிரி, விடுதி நடத்துபவர்: தேடல் பெட்டியில் ஒவ்வோர் எழுத்தைத் தட்டும்போதும் பட்டியல் தடுக்கிறது.

பதில்: கடைசி எழுத்துக்குப் பின் 200 அல்லது 300 மில்லிவினாடி பொறுத்துத் தேடச் சொல்லுங்கள். தமிழில் ஓர் உயிர்மெய்க்கே பெரும்பாலும் இரண்டு விசைகள் வேண்டும் என்பதால் இந்தப் பொறுமை நமக்குக் கூடுதலாகப் பயன்படும்.

குன்னூர், இலைக் கணக்குச் செயலி எழுதுபவர்: எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸிலிருந்து 100 வரிகள் வீதம் எடுக்கிறேன். முதல் பக்கங்கள் உடனே வருகின்றன. கடைசிப் பக்கங்கள் மட்டும் ஏன் தாமதமாகின்றன?

பதில்: ‘இத்தனை வரிகளைத் தாண்டிக் கொடு’ என்று சொல்லும் ஆஃப்செட்டைப் பயன்படுத்துகிறீர்கள். ஆஃப்செட் 1,00,000 என்றால் டேட்டாபேஸ் அத்தனை வரிகளையும் ஒவ்வொன்றாகக் கடந்து, தூக்கி எறிந்த பிறகே உங்கள் 100 வரிகளுக்கு வருகிறது. அதற்குப் பதிலாக, முந்தைய பக்கத்தின் கடைசிப் பதிவு எண்ணை நினைவில் வைத்து, ‘இந்த எண்ணுக்கு மேற்பட்ட 100 வரிகள்’ என்று கேளுங்கள். தேதி வரிசையில் காட்டுவதானால் தேதியையும் பதிவு எண்ணையும் சேர்த்து ஓர் இன்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் அட்டவணை) அமைத்து, இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்க வேண்டும். தேதியை மட்டும் ஒப்பிட்டால், ஒரே நாளில் எடை போட்டவர்களில் சிலர் பக்க எல்லையில் விடுபட்டுப்போவார்கள்.