பதில்: அம்மாவுக்கு ஸ்டெம் செல் ஆன்டிபாடி கிடைக்குமா?

கார்போபிளாட்டின் என்ற பிளாட்டினம் வகை கீமோ மருந்து முடிந்து நாலே மாதத்தில் அம்மாவுக்குச் சினைப்பைப் புற்று திரும்பிவிட்டது, புற்றை மறுபடி வளர்க்கிற ஸ்டெம் செல்லை அழிக்கிற ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தைத் தேடி ஒட்டிக்கொள்கிற மருந்து) உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நேராகச் சொன்னால், அது இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது. கீமோவுக்குத் தப்பி மறுபடி முளைக்கிற அந்த செல்களை சிடி44, சிடி133 போன்ற புரதங்களை வைத்துத்தான் அடையாளம் காண்கிறார்கள், ஆனால் சிடி44 நம் வெள்ளை அணுக்களிலும் இருக்கிறதே, மருந்து அவற்றையும் தாக்கிவிடலாம், அதுதான் தலைவலி.

அதைவிட, மிர்வெடுக்சிமாப் என்ற மருந்தைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். ஆன்டிபாடியோடு கீமோ மருந்தை ஒட்டி அனுப்புகிற வகை. பிளாட்டினம் மருந்து முடிந்து 6 மாதத்துக்குள் திரும்புகிற, ஃபோலேட் ரிசெப்டர் ஆல்ஃபா என்ற புரதம் நிறைய உள்ள கட்டிகளுக்கு அமெரிக்காவில் 2024 மார்ச்சில் முழு அனுமதி கிடைத்தது. 453 பேரிடம் நடந்த ஆய்வில் சாதாரண கீமோ எடுத்தவர்களைவிட இதை எடுத்தவர்கள் சில மாதங்கள் கூடுதலாக வாழ்ந்தார்கள். குணமாக்கும் மருந்து என்று நினைத்துவிடாதீர்கள்.

புதிதாக பயாப்ஸி எடுக்கச் சம்மதிக்கும் முன், ஆபரேஷனில் எடுத்த திசு மெழுகு பிளாக்காக லேபில் இருக்கிறதா என்று விசாரியுங்கள், பெரும்பாலும் அதிலேயே ரிசெப்டரைப் பார்த்துவிடலாம். அப்புறம் கண்: இந்த மருந்தில் பார்வை மங்கலாகலாம், ஆரம்பிக்கும் முன்பே கண் டாக்டரைப் பார்க்க வேண்டும், ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் உண்டு. அம்மாவுக்கு ஏற்கெனவே கண்புரை ஏதாவது இருக்கிறதா?