பழைய பிக்கப்பில் முள் ஏறி இறங்கினால் எதற்குப் பயப்பட வேண்டும்?

கேள்வி: சிங்கப்பூர் உட்லண்ட்சில் ஏர்கான் சர்வீஸ் தொழில் செய்கிறேன். 16 வருடப் பழைய டீசல் பிக்கப் ஒன்று வாங்கியிருக்கிறேன். இன்ஜின் சூடான பிறகு சிக்னலில் நின்றால் ஆயில் முள் அடிவரை இறங்குகிறது, கிளம்பினால் ஏறிவிடுகிறது. இரவில் ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டுகிறது. டீசல் முள்ளும் கூடவே ஏறுகிறது. வொர்க்‌ஷாப்பில் ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றட்டுமா?

பதில்: ரேடியேட்டருக்கு இப்போது காசு செலவழிக்க வேண்டாம். உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. ஹெட்லைட் போட்டால் டாங்கில் டீசல் கூடுமா? கூடாது. ஆக, டீசல் முள் காட்டுவது பொய். அதோடு சேர்ந்து ஏறும் டெம்பரேச்சர் முள்ளையும் அந்த நேரத்தில் நம்ப முடியாது. இன்ஜின் சூட்டுக்கும் டாங்குக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இரண்டும் ஒன்றாக அசைகின்றன என்றால் இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் கோளாறு. மீட்டர் பெட்டியின் எர்த் வயரை முதலில் பாருங்கள். அடுத்து, பல பழைய வண்டிகளில் மீட்டர்களுக்குச் சீரான மின்சாரம் கொடுக்கும் சிறிய வோல்டேஜ் ரெகுலேட்டர். எர்த் வயர் பாடியோடு சேரும் போல்ட்டைக் கழற்றினால் துரு ஏறியிருக்கும், அல்லது பச்சை பூத்திருக்கும். நம் ஊர் ஈரக்காற்றில் 16 வருடம் என்பது சாதாரணமில்லை. உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கி முடுக்கச் சொல்லுங்கள்.

ஆயில் அழுத்தத்தைக் காட்டும் முள்ளின் விஷயம் வேறு. ஆயில் சூடானால் இளகும். இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது பம்பும் மெதுவாகத்தான் தள்ளும். அதனால் சிக்னலில் அழுத்தம் குறைவது இயல்பு. இன்ஜின் நிமிடத்துக்கு 1,000 முறை சுற்றினால் (1,000 ஆர்பிஎம்) 10 பிஎஸ்ஐ அழுத்தம் என்பது மெக்கானிக்குகள் பிடித்துக்கொள்ளும் உத்தேசக் கணக்கு. ஆனால் முள் முழுக்கக் கீழே படுத்துவிடுகிறதா, அடிக்கோட்டுக்கு மேல் கொஞ்சமாவது நிற்கிறதா என்று பாருங்கள். படுத்துவிட்டால், சென்சரைக் கழற்றிவிட்டு அதே துளையில் தனி அழுத்தமானியை மாட்டி அளக்கச் சொல்லுங்கள். சென்சர் கெட்டிருந்தால் செலவு சிறியது, இன்ஜின் உள்ளே பேரிங் தேய்ந்திருந்தால் பெரியது. அளக்காமல் இன்ஜினைப் பிரிக்க விடாதீர்கள். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் மட்டும் எந்த யோசனையும் வேண்டாம், உடனே ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்திவிடுங்கள்.

டெம்பரேச்சர் முள்ளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பல வண்டிகளில் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் திரவம் 80 டிகிரியில் இருந்தாலும் 95 டிகிரியில் இருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும். ஓட்டுநர் வீணாகப் பதறக் கூடாதென்று அப்படிச் செய்கிறார்கள். அந்த மாதிரி வண்டியில் முள் நடுவைவிட்டு நகர்ந்துவிட்டால், சூடு ஏற்கெனவே நன்றாக ஏறிவிட்டது என்று அர்த்தம்.

முள் ஏறினால் எல்லாரும் கவனிப்பார்கள். இறங்கினால் யாரும் கவனிப்பதில்லை, ஆபத்து அங்கேதான். துவாசிலிருந்து ஆயர் ராஜா விரைவுச்சாலையில் வந்துகொண்டிருந்த ஒருவருக்கு முள் முதலில் முக்கால்வரை ஏறியது, பிறகு சட்டென்று அடிக்கு விழுந்தது. ‘ஆறிவிட்டது’ என்று நினைத்து ஓட்டிக்கொண்டே வந்தார். என்னிடம் வண்டி வந்தபோது ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கிளாம்ப் ஓரத்தில் விரல் நீளத்துக்கு வெடித்திருந்தது. சுற்றிலும் பச்சைக் கூலண்ட் காய்ந்து படிந்திருந்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. சென்சர் கூலண்டில் மூழ்கியிருந்தால்தான் சரியாக அளக்கும். கூலண்ட் போய்விட்டால் வெறும் காற்றில் நின்று குறைவாகக் காட்டும். சூட்டில் அவருடைய இன்ஜினின் சிலிண்டர் ஹெட் வளைந்துவிட்டது. ஓடும் வண்டியில் முள் திடீரென்று விழுந்தால், ஏறியதற்குச் சமமாக எண்ணி நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே தொடாதீர்கள்.

விரைவுச்சாலையில் நிற்க நேர்ந்தால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி அருகிலுள்ள கார் நிறுத்துமிடம்வரை இலவசமாக இழுத்துப்போகும். இன்னும் இரண்டு எக்சிட் தாண்டிவிடலாம் என்று உருட்ட வேண்டியதில்லை.

வோல்ட் மீட்டர் சுலபம். இன்ஜின் ஓடாதபோது 12.6 வோல்ட் அளவில் இருந்தால் பேட்டரி நலம். ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரை இருக்க வேண்டும். ஏர்கான், ஹெட்லைட், வைப்பர் எல்லாம் போட்டதும் 13-க்குக் கீழே போனால் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் பெல்ட்டைப் பாருங்கள். 15-ஐத் தாண்டினால் ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது, பேட்டரி கொதித்துப் பாழாகும். டீசல் முள்ளைச் சரிசெய்யும்வரை கால் டாங்குக்குக் கீழே விடாதீர்கள். டீசல் வண்டி காய்ந்து நின்றால் குழாயில் காற்று புகுந்துவிடும், அதை வெளியேற்றினால்தான் மறுபடி ஸ்டார்ட் ஆகும்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. அரை மணி நேரம் ஓட்டி, இன்ஜினை அணைக்காமல் ஏர்கானோடு நிறுத்திவைத்து, மீட்டர்களை போனில் ஒரு படம் எடுங்கள். மாதம் ஒருமுறை அதேபோல் எடுத்து ஒப்பிடுங்கள். 10 வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை இருக்கிறது. ஆனால் உங்கள் வண்டியின் முள் நேற்று எங்கே நின்றது என்று அங்கே யாருக்கும் தெரியாது.

சரி, எர்த் வயரைச் சுத்தம் செய்தபின் ஓர் இரவு ஹெட்லைட்டோடு ஓட்டிப் பாருங்கள். டீசல் முள் அசையாமல் நின்று, டெம்பரேச்சர் முள் மட்டும் ஏறினால், ரேடியேட்டரைக் கழற்றச் சொல்லுங்கள்.