ஒரு நோய்க்கு இத்தனை பேர் எதற்கு?

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. ஒரு வருடமாகச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தாள், சில நாள் சாப்பிட்டதை வாந்தியும் எடுக்கிறாள். அனோரெக்சியா, அதாவது குண்டாகிவிடுவோமோ என்ற பயத்தில் சாப்பாட்டை ஒதுக்கும் மனநோய் என்று சொல்லி மனநல மருத்துவர் சிகிச்சை தொடங்கியிருக்கிறார். இப்போது பொது மருத்துவர், டயட்டீஷியன், குடும்பத்துக்கே கவுன்சலிங் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். நன்றாகச் சாப்பிட வைத்தால் போதாதா?

பதில்: உங்கள் சலிப்பு புரிகிறது. ஆனாலும் அவர் செய்வதுதான் சரி. இந்த நோயை நான் ஒருவனே பார்த்துக்கொள்கிறேன் என்று யாராவது சொன்னால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

முதலில் அந்த நார்மல் ரிப்போர்ட். பட்டினியில் உடம்பு தன் தசையையும் கொழுப்பையும் கரைத்தாவது ரத்தத்தின் அளவுகளைக் காப்பாற்றப் பார்க்கும், அதனால் நோய் முற்றியவர்களுக்கும் ரிப்போர்ட் சுத்தமாக வருவதுண்டு. வாந்தி எடுத்தாலோ பொட்டாசியம் சில நாட்களிலேயே இறங்கி இதயத் துடிப்பைக் குழப்பிவிடும். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஈசிஜி, அவ்வப்போது உப்புச் சத்துப் பரிசோதனை, மாதவிடாய் நின்றிருந்தால் எலும்பின் அடர்த்தி, இதையெல்லாம் பார்க்கத்தான் பொது மருத்துவர்.

அடுத்து, 'சாப்பிட வைத்தால் போதாதா'. சாப்பாடுதான் முதல் மருந்து, ஆனால் அளவு தெரியாமல் கொடுத்தால் அதுவே ஆபத்து. நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறையச் சாப்பிட்டால் இன்சுலின் சுரந்து, பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றும் ரத்தத்திலிருந்து செல்களுக்குள் போய்விடும். இதயம், மூச்சு இரண்டுமே தடுமாறலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்து விடுதலையான கைதிகளில் சிலர் சாப்பாடு கிடைத்த பிறகுதான் இறந்தார்கள். எவ்வளவு, எவ்வளவு வேகமாக என்று டயட்டீஷியன் திட்டமிட வேண்டும், அதைத் தாங்குகிறதா என்று மருத்துவர் ரத்தத்தில் பார்க்க வேண்டும்.

சரி, கவுன்சலிங் மட்டும் போதுமா? பட்டினி கிடக்கும் மூளையில் அது அவ்வளவாக ஏறாது. 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆரோக்கியமான 36 ஆண்களுக்குச் சுமார் ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள். பலருக்கு நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பு, எரிச்சல், சோர்வு. உங்கள் மகளிடம் நீங்கள் பார்க்கும் பிடிவாதத்தில் ஒரு பங்கு பட்டினியுடையது. அதற்காக எடை ஏறியதும் குண்டாகும் பயம் போய்விடும் என்றும் நினைக்காதீர்கள், பெரும்பாலும் அப்போதுதான் அது கூடும்.

ஆனால் நான்கு பேரிடம் அலைவது மட்டும் டீம் ஆகாது, அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டும். வாந்தி எடுப்பதைக் கவுன்சிலரிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள் என்று வையுங்கள், விஷயம் தெரியாத இன்னொருவர் மனச்சோர்வுக்கு புப்ரோபியான் எழுதிவிடலாம். அனோரெக்சியாவோ, புலிமியாவோ (அளவுமீறிச் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுப்பது போன்ற வழிகளில் அதை வெளியேற்றும் நோய்) இருப்பவர்களுக்கு அந்த மருந்தால் வலிப்பு வரும் அபாயம் அதிகம், தரவே கூடாது. எடை பார்க்கும் முன் லிட்டர் கணக்கில் தண்ணீர் குடித்துவிட்டு வருவதும் இந்த நோயில் சகஜம், தனித்தனியாகப் பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். (அவளைப் பொய்க்காரி என்று திட்டாதீர்கள், பயம் அப்படிச் செய்ய வைக்கிறது.)

அதனால் அடுத்த முறை போகும்போது, யார் தலைமை, எடையை யார் பார்ப்பார்கள், எந்த நிலைக்குப் போனால் ஆஸ்பத்திரியில் சேர்ப்பது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மகள் வயது வந்தவள், தகவல்களை இவர்கள் தங்களுக்குள்ளும் உங்களோடும் பகிர்ந்துகொள்ள அவள் சம்மதத்தை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். பல் மருத்துவரையும் ஒரு தடவை பாருங்கள். வாந்தி எடுத்த உடனே பல் தேய்க்கக் கூடாது, தண்ணீரால் கொப்பளித்தால் போதும்.

நீங்களும் இந்த டீமில்தான் இருக்கிறீர்கள். லண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான குடும்பச் சிகிச்சையில் ஆரம்ப மாதங்களில் சாப்பாட்டுப் பொறுப்பே பெற்றோர் கையில்தான். அது முக்கியமாக வளரிளம் பருவத்தினருக்கானது என்றாலும், உங்களோடு இருக்கும் 19 வயதுக்காரிக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். குடும்பத்துக்குக் கவுன்சலிங் என்றதும் பழி நம்மேல் விழுகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மயக்கம், படபடப்பு, நெஞ்சு வலி, தண்ணீர்கூட வயிற்றில் தங்காத வாந்தி, சாகப்போகிறேன் என்ற பேச்சு, இவற்றில் எது வந்தாலும் அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அங்கே டியூட்டியில் இருப்பவருக்கு அவளைத் தெரியாது. பட்டினியும் வாந்தியும் எத்தனை நாளாக என்பதை, குளுக்கோஸ் ஏற்றும் முன்பே நீங்களாகச் சொல்லிவிடுங்கள், அதுவும் மேலே சொன்ன திடீர்ச் சாப்பாடு மாதிரிதான்.