டெக்குக்கு அடியில் அப்பிய புல்: கேள்வியும் பதிலும்

புல் வெட்டும் இயந்திரமான மோவரைப் பழுது பார்ப்பது என் தொழில். பிளேடை மேலிருந்து மூடியிருக்கும் உறைதான் டெக்; அதன் அடிப்பக்கத்தைச் சுத்தமாக வைத்திருப்பது பற்றிக் கேளுங்கள் என்று சொன்னேன், நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அண்ணா, மேல்பக்கத்தைப் பளபளவென்று துடைத்துத்தான் வைக்கிறேன். அடியில் யார் பார்க்கப் போகிறார்கள்? கொஞ்சம் புல் ஒட்டியிருந்தால் என்ன நஷ்டம்?

வெட்டுகிற வேலையே அங்கேதானே தம்பி நடக்கிறது! பிளேடின் பின்விளிம்பு மேல்நோக்கி மடங்கியிருக்கும், கவனித்திருப்பீர்கள். அது சுழலும்போது காற்றை மேலே இழுக்கும். அந்த இழுப்பில்தான் புல் நிமிர்ந்து நின்று வெட்டுப்படுகிறது. வெட்டுண்ட துணுக்கும் அதே காற்றோடு டெக்கின் உள்வளைவைச் சுற்றி ஓடி, வாய் வழியாகப் பைக்குள் போகிறது. அந்த வளைவில் ஒரு விரல் கனத்துக்குப் புல் அப்பிக்கொண்டால் காற்று போக இடமில்லை. பை பாதிகூட நிரம்பியிருக்காது, அதற்குள் வாய் அடைக்கும். பின்னால் ஈரக் கட்டிகளாக விழும். "பிளேடு மழுங்கிவிட்டது, தீட்டிக் கொடுங்கள்" என்று வருகிற வண்டிகளில் பலவற்றுக்கு அடியைச் சுரண்டிவிட்டாலே போதும்.

இன்னொரு நஷ்டம் துரு. பச்சைப் புல்லின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அப்பிய புல் வெளியே காய்ந்து சாம்பல் நிறமாகத் தெரியும். தகட்டை ஒட்டிய அடுக்கு மட்டும் நாள் கணக்கில் ஈரமாகவே கிடக்கும். அப்படி விட்ட ஒரு டெக்கைச் சுரண்டிப் பாருங்கள், புல்லோடு சேர்ந்து பெயின்டும் செதிள் செதிளாக வரும். அதன் பின்பக்கம் செம்மண் நிறத்தில் இருக்கும்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை?

நாள் கணக்கு வேண்டாம். காய்ந்த புல்லை வெட்டினால் மூன்று நான்கு தடவைக்கு ஒருமுறை போதும். ஈரப் புல்லை வெட்டினால் அன்றைக்கே. புல்லைப் பொடியாக்கித் தரையிலேயே விடுகிற மல்ச்சிங் வகை என்றால் ஒவ்வொரு முறையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள், அதில் துணுக்குகள் உள்ளேயே திரும்பத் திரும்பச் சுற்றுவதால் சீக்கிரம் அப்பும்.

எத்தனை முறை என்பதைவிட எப்போது என்பதுதான் முக்கியம். வெட்டி முடித்து இன்ஜின் ஆறியதும் செய்தால் ஐந்து நிமிட வேலை. சாறு காய்ந்து இறுகிவிட்டால் அரைநாள் வேலை.

மோவரை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும்? போன தடவை சாய்த்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் ஒரே வெள்ளைப் புகை. பயந்துவிட்டேன்.

சாய்ப்பதற்கு முன்னால் ஒன்று. இன்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, ஸ்பார்க் பிளக்கின் ஒயரைக் கழற்றி, தானாகத் திரும்பப் போய்த் தொடாதபடி தள்ளி வையுங்கள். சாதாரணத் தள்ளு மோவரில் பிளேடு நேராக இன்ஜினின் தண்டில்தான் பூட்டப்பட்டிருக்கிறது. கையால் பிளேடைச் சுற்றுவது ஸ்டார்ட்டர் கயிற்றை இழுப்பதற்குச் சமம். உள்ளே மிச்சப் பெட்ரோல் ஆவி இருந்தால் ஒரு உதறு உதறும், விரல் போக அது போதும். இந்த விஷயத்தில் மட்டும் சோம்பல் வேண்டாம், பத்து விநாடி வேலை.

அப்புறம் சாய்ப்பது. ஏர் ஃபில்டரும் கார்புரேட்டரும் மேல்பக்கமாக வர வேண்டும். பல மோவர்களில் முன்பக்கத்தைத் தூக்கிக் கைப்பிடிப் பக்கம் சாய்த்தால் ஸ்பார்க் பிளக் வானம் பார்க்கும், அது சரியான நிலை. பக்கவாட்டில் சாய்ப்பதென்றால் ஏர் ஃபில்டர் இருக்கும் பக்கம் தரையில் படக்கூடாது. மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் படமே போட்டிருப்பார்கள். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும் நாளாகப் பாருங்கள்.

நீங்கள் பார்த்த வெள்ளைப் புகை, எரிகிற ஆயில். தவறான பக்கம் சாய்த்ததால் சிலிண்டருக்குள் போயிருக்கிறது. பெரும்பாலும் சில நிமிடம் ஓடினால் நின்றுவிடும். கயிறே இழுபடாமல் இறுகி நின்றால் மட்டும் பலம் போட்டு இழுக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, ஓட்டைக்கு மேல் பழந்துணி போட்டு, கயிற்றை மெதுவாக நாலைந்து முறை இழுத்தால் ஆயில் வெளியே வந்துவிடும். பிளக்கைத் துடைத்து மாட்டுங்கள். காகித ஏர் ஃபில்டர் ஆயிலில் நனைந்திருந்தால் அது இனி உதவாது, மாற்றுங்கள். ஆயில் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதை வைத்துச் சுரண்டுவது? ஸ்க்ரூ டிரைவர் சரியா?

வேண்டாம், கோடு கோடாகக் கீறும். ஒவ்வொரு கீறலும் துருவுக்கு ஒரு வாசல். பெயின்டர்கள் பட்டி பூசுகிற தகடு இருக்கிறதே, அதில் பிளாஸ்டிக் ஆனது நல்லது. நுனி சீவிய மரத்துண்டும் போதும். தகட்டைப் படுக்கையாகப் பிடித்து, அப்பிய புல்லின் ஓரத்தில் நுழைத்துத் தள்ளுங்கள். ஓரம் கிளம்பிவிட்டால் பாளம் பாளமாக வரும். குத்திக் குத்திப் பெயர்க்க வேண்டியதில்லை.

புல் ஒளிந்திருக்கும் இடங்கள்: துணுக்கு வெளியேறும் வாயின் உள்மூலை, முன்பக்க உதட்டின் மடிப்பு, பிளேடு பூட்டிய இடத்தைச் சுற்றி. கல்லாக இறுகியிருந்தால் ஈரச் சாக்கை அரைமணி நேரம் ஒட்டி வைத்துவிட்டுச் சுரண்டுங்கள். இரும்பு டெக் கம்பி பிரஷ்ஷைத் தாங்கும். அலுமினியத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் நைலான் பிரஷ்தான். தடித்த கையுறை இல்லாமல் எதையும் தொடாதீர்கள்.

என் மோவரின் டெக்கிலேயே ஹோஸ் மாட்ட ஒரு வாய் இருக்கிறது. அதுவே போதாதா? பிரஷர் வாஷரும் இருக்கிறது.

வெட்டி முடித்த கையோடு செய்தால் அந்த வாய் பிரயோஜனமானதுதான். சமதரையில் நிறுத்தி, யாரும் பக்கத்தில் இல்லாமல், தண்ணீரைத் திறந்து பிளேடை இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு ஹோஸைக் கழற்றிவிட்டு இன்னும் சற்று ஓடவிட்டால் ஈரம் சிதறிப்போகும். இந்தக் கடைசிப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்! பழைய அப்பலை இது அசைக்காது, மூலைகளுக்கும் போகாது. அதனால் அவ்வப்போது சுரண்டித்தான் ஆக வேண்டும்.

பிரஷர் வாஷர் எனக்குப் பிடிக்காது. அந்த வேகத்தில் தண்ணீர் பேரிங்கின் சீலைத் தாண்டி உள்ளே போய் கிரீஸைக் கழுவிவிடும். அது அன்றைக்குத் தெரியாது, சில மாதம் கழித்துக் கரகரவென்று சத்தம் வரும்போதுதான் தெரியும்.

பேட்டரி மோவர், ரோபோ மோவர் வைத்திருப்பவர்களுக்கு?

பேட்டரியையும் சாவியையும் கழற்றிவிட்டு எந்தப் பக்கமும் சாய்க்கலாம், ஆயில் தொல்லை இல்லை. கையேடு அனுமதித்தால் ஒழிய ஹோஸ் வேண்டாம். பிரஷ்ஷும் ஈரத்துணியும் போதும். ரோபோவை அணைத்துவிட்டுக் கவிழ்த்து, அதேபோல. அதன் குட்டி பிளேடுகள் ஷேவிங் பிளேடு போலக் கூர்மை, பூட்டிய இடத்தில் தாமாகவே திரும்பும், ஜாக்கிரதை.

ஒட்டாமல் இருக்க சமையல் எண்ணெய் தடவலாமா? பழைய இன்ஜின் ஆயில்?

இன்ஜின் ஆயில் கூடவே கூடாது. அத்தனையும் துளித்துளியாக உங்கள் புல்லிலும் மண்ணிலும்தான் விழும். சமையல் எண்ணெய் ஓரிரு தடவை தாங்கும், பிறகு பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும். சிலிகான் ஸ்பிரே பரவாயில்லை. கிராஃபைட் கலந்த, உலர்ந்து படிகிற பூச்சு இன்னும் மேல். எதுவானாலும் டெக் சுத்தமாக, துளி ஈரம்கூட இல்லாமல் காய்ந்திருக்க வேண்டும். சுரண்டுகிற பழக்கம் இல்லாதவருக்கு எந்த ஸ்பிரேயும் உதவாது. பழக்கம் உள்ளவருக்கு ஸ்பிரே கொஞ்சம் வேலையைக் குறைக்கும், அவ்வளவுதான்.

இதைவிடப் பலன் தருவது வெட்டும் முறை. பனி காய்ந்தபின் வெட்டுங்கள். புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்காதீர்கள். இன்ஜினை முழு வேகத்தில் வைத்து, நீங்கள் மெதுவாக நடங்கள். டெக்குக்குள் சுழலும் காற்று பலமாக இருந்தால் பாதிப் புல் ஒட்டவே ஒட்டாது.

ஏற்கெனவே துருப்பிடித்துவிட்டது. ஓர் இடத்தில் சிறு ஓட்டைகூட. பட்டி வைத்து அடைக்கலாமா?

மேலோட்டமான துரு என்றால் கம்பி பிரஷ், உப்புத்தாள், துடைப்பு, பிரைமர், இரும்புக்கான பெயின்ட். ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின் அடுத்தது.

ஓட்டை வேறு சமாச்சாரம். 53 சென்டிமீட்டர் பிளேடு நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் அதன் நுனி விநாடிக்கு 83 மீட்டர், அதாவது மணிக்கு ஏறக்குறைய 300 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதில் பட்ட கூழாங்கல்லை உங்கள் காலுக்கு வராமல் தடுப்பது அந்தத் தகடு ஒன்றுதான். பட்டியும் டேப்பும் அதைத் தடுக்காது. ஓட்டையைச் சுற்றிச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். தகடு உள்வாங்கினால் டெக்கை மாற்றுங்கள். சுற்றிலும் கெட்டியாக இருந்தால் வெல்டிங் செய்பவரிடம் காட்டலாம்.

உட்கார்ந்து ஓட்டுகிற பெரிய மோவர் ஐயா. ஜாக்கி போட்டு அடியில் போகலாமா?

ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள். டெக்கைக் கழற்றி வெளியே இழுத்துச் சுத்தம் செய்வதுதான் உத்தமம். முதல் தடவை தலைசுற்றும், அப்புறம் பழகிவிடும். கழற்றும்போது டெக்கின் மேல்பக்கத்தையும் பாருங்கள். பெல்ட் மூடிக்குள்ளும் சைலன்சர் பக்கமும் சேர்கிற காய்ந்த புல் தீப்பிடிக்கும்.

சுரண்டிய புல்லை என்ன செய்வது?

உரக்குழியில் போடலாம், பெயின்ட் செதிளும் ஆயிலும் கலக்காதவரை. புல்லில் பூஞ்சை நோய் இருந்தால் போடாதீர்கள். அந்த மோவரை வேறு புல்தரைக்குக் கொண்டு போவதானால், போகும் முன்பே அடியைச் சுத்தம் செய்துவிடுங்கள். நோயும் களைவிதையும் அப்பிய புல்லோடு கூடவே வரும்.