கனடாவிலிருந்து கொண்டுவந்த டொலர்: மாற்றுவதா, வைத்திருப்பதா?

கேள்வி: நானும் கணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கோண்டாவிலில் இருக்கிறோம். ஏப்ரலில் சுப்பர் விசாவில் (பிள்ளைகளிடம் நீண்ட காலம் போய்த் தங்கப் பெற்றோருக்குக் கனடா கொடுக்கும் விசா) ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்குப் போய், மகன் வீட்டிலும் மகள் வீட்டிலுமாக ஐந்து மாதம் இருந்துவிட்டுச் செப்டெம்பரில் திரும்பினோம். வெளிக்கிடும்போது பிள்ளைகளும் சகோதரங்களும் "கைச்செலவுக்கு வைச்சிருங்கோ" என்று தந்தது எல்லாமாக 4,600 கனேடிய டொலர். என்வலப்போடு அப்படியே அலுமாரியில் கிடக்கிறது. கணவர், மாற்றி ஒரு ஃபைனான்ஸ் கம்பனியில் போடுவோம், வங்கியை விட ஒன்றரை வீதம் கூட என்கிறார். பக்கத்து வீட்டு ஐயா, டொலர் திரும்பவும் ஏறும், தொடவேண்டாம் என்கிறார். கடை நடத்தும் பெறாமகன் 5 இலட்சம் கேட்கிறார். மாதம் 3 வீத வட்டி தருவாராம், புரோநோட்டும் (கடனைத் திருப்பித் தருவேன் என்ற உறுதிச் சீட்டு) எழுதித் தருவாராம். மகள் இனி மாதாமாதம் உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம், காசு அனுப்புகிறேன் என்கிறாள். மகன் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு வருடக் காப்புறுதிக்கென்று 3,800 டொலர் கட்டினான். இவருக்கு ஒருமுறை இருமல் வந்தபோது டொக்டரின் காசைக்கூட அவனே கையால் கொடுத்தான். அந்த 3,800 டொலரும் வீணாய்ப் போச்சு. இரண்டு வருடத்தில் இன்னொரு தடவை போக விருப்பம். இங்கே வந்து பார்த்தால் கிணற்று மோட்டரும் எரிந்துபோய்க் கிடக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: ரீச்சர், நீங்கள் கேட்டது 4,600 டொலரைப் பற்றி. என் கண் போய் நின்றது "3,800 டொலரும் வீணாய்ப் போச்சு" என்ற இடத்தில். அது இன்னும் வீணாகவில்லை. முதலில் அதைப் பார்ப்போம்.

சுப்பர் விசாவுக்கு ஆளுக்குக் குறைந்தது ஒரு இலட்சம் கனேடிய டொலர் வரை மருத்துவச் செலவை ஏற்கும் காப்புறுதி, குறைந்தது ஒரு வருடத்துக்கு எடுக்கவேண்டும். பிள்ளைகள் வருடம் முழுவதற்கும் கட்டிவிடுவார்கள். அப்பா அம்மா குளிர் தொடங்க முன்னமே ஊருக்கு வந்துவிடுவார்கள். இப்படி முந்தித் திரும்பினால், பாவிக்காத மாதங்களுக்கான காசைப் பெரும்பாலான காப்புறுதிக் கம்பனிகள் திருப்பிக் கொடுக்கின்றன. முக்கிய நிபந்தனை, அந்தக் காப்புறுதியில் ஒரு சதமும் கோரியிருக்கக் கூடாது. உங்கள் மகன் டொக்டருக்குக் கையால் கொடுத்தது இங்கேதான் உதவப்போகிறது. கொடுத்தபின் அந்த ரசீதைக் கம்பனிக்கு அனுப்பிக் காசு கேட்டாரா என்று மட்டும் விசாரியுங்கள். கேட்கவில்லை என்றால், பன்னிரண்டில் ஏழு மாதம் மிச்சம். 3,800 இல் கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 2,200 டொலர். நிர்வாகக் கட்டணம் என்று கொஞ்சம் கழிப்பார்கள். கழித்தாலும் உங்கள் அலுமாரியில் இருப்பதில் பாதிக்குக் கிட்ட வரும்.

நீங்கள் திரும்பிவிட்டதற்கு அத்தாட்சி கேட்பார்கள். கனடாவில் வெளியேறும்போது கடவுச்சீட்டில் முத்திரை குத்துவதில்லை. ஆகவே கட்டுநாயக்காவில் குத்திய வருகை முத்திரை உள்ள பக்கத்தையும், படம் உள்ள முதற்பக்கத்தையும், போடிங் பாஸ் கிடந்தால் அதையும் தெளிவாகப் படம் எடுத்து மகனுக்கு இன்றைக்கே வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கைப்பையின் சைட் பொக்கற்றைத் துழாவிப் பாருங்கள், போடிங் பாஸ் அங்கேதான் கசங்கிக் கிடக்கும். விண்ணப்பத்தை அவர்தான் கொடுக்கவேண்டும், காசும் கட்டியவருக்கே போகும். நாளைக் கடத்தவேண்டாம். சில கம்பனிகள் நீங்கள் திரும்பிய நாளை விட்டு, விண்ணப்பம் கிடைத்த நாளிலிருந்தே மிச்ச நாட்களைக் கணக்கெடுக்கும். அந்தக் காசை மகன் அங்கேயே ஒரு பக்கமாக வைத்திருந்தால் அடுத்த பயணத்தின் காப்புறுதியில் பெரும்பகுதி முடிந்தது. அடுத்த முறை மாதத் தவணையில் கட்டக்கூடிய காப்புறுதியாகப் பார்க்கச் சொல்லுங்கள்; முற்பணம் கட்டித் தவணையில் செலுத்துவதையும் விசாவுக்கு ஏற்கிறார்கள்.

சரி, அலுமாரிக்கு வருவோம். பக்கத்து வீட்டு ஐயா 2022 ஐ மனதில் வைத்துப் பேசுகிறார். அந்த வருடம் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா சொச்சமாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ஐத் தொட்டது உண்மைதான். அதற்குப் பிறகு நடந்ததை யாரும் சொல்வதில்லை. 2023 இல் அதே டொலர் 300 அளவுக்கு இறங்கியது. இடையில் அரசாங்கம் குறுங்காலக் கடன் வாங்கும் திறைசேரி உண்டியலுக்கு 30 வீதத்துக்கு மேல் வட்டி போனது, வங்கிகளின் நிலையான வைப்புக்கே 20 வீதத்துக்கு மேல் கொடுத்தார்கள். 360 இல் டொலரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தவருக்கு இரண்டு பக்கத்தாலும் நட்டம். ஏறுமா இறங்குமா என்று பந்தயம் பிடிப்பது ஓய்வூதியத்தில் இருக்கிறவர்களுக்குத் தேவையில்லாத வேலை.

நான் கேட்பது ஒன்றுதான்: இந்தக் காசு எந்த நாணயத்தில் செலவாகப்போகிறது? டொலரில் செலவாவது டொலராக இருக்கட்டும், ரூபாவில் செலவாவதை ரூபாவாக்குங்கள். நீங்கள் இரண்டு வருடத்தில் திரும்பப் போகிறவர்கள். டிக்கெற்றுக்கு யாழ்ப்பாணத்தில் ரூபாவில் காசு கட்டினாலும் அதன் விலை டொலரோடுதான் ஏறி இறங்கும். அங்கே கைச்செலவு, பேரப்பிள்ளைகளுக்கு ஏதாவது என்று போவதெல்லாம் டொலர். அதற்கு 2,000 டொலரை ஒதுக்குங்கள்.

மாற்றி வைத்துவிட்டுப் பிறகு வாங்கலாம் என்றால் என்ன ஆகும் பாருங்கள். வங்கி உங்களிடம் ஒரு டொலரை 215 ரூபாவுக்கு வாங்கி 224 க்கு விற்கிறது என்று வைப்போம். 2,000 டொலருக்கு 4,30,000 ரூபா கிடைக்கும். மறுநாளே அதைக் கொண்டு டொலர் வாங்கினால் 1,920 க்குக் கிட்டத்தான் வரும். எங்கும் போகாமலே 80 டொலர் போய்விட்டது.

இந்த 2,000 ஐயும் அலுமாரியில் வைக்கவேண்டாம். கனடா நோட்டு பிளாஸ்ரிக், கறையான் தின்னாது. ஆனால் நீங்கள் வெளிநாடு போய் வந்த கதை கோண்டாவில் முழுக்கத் தெரியும். தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. 2017 ஆம் ஆண்டின் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தோடு வந்தது, பழைய என்.ஆர்.எஃப்.சி., ஆர்.எஃப்.சி. என்ற வெளிநாட்டு நாணயக் கணக்குகளின் இடத்தில் இப்போது இருப்பது இதுதான். கனேடிய டொலரிலேயே திறக்கலாம். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதிப் பக்கம் உள்ள பெரிய வங்கிக் கிளைகளில் கேளுங்கள். கடவுச்சீட்டையும் அடையாள அட்டையையும் கொண்டு போங்கள். காசு எப்படி வந்தது என்று கேட்பார்கள், உள்ளதைச் சொன்னால் போதும். நோட்டாகப் போடுவதற்குக் கட்டணம் உண்டா என்பதை முதலே கேட்டுவிடுங்கள். வட்டி குறைவாகத்தான் இருக்கும், பரவாயில்லை. இது பயணக் காசு.

மிச்சம் 2,600 டொலர். அதே 215 என்றால் 5,59,000 ரூபா. மாற்றும்போது இரண்டு மூன்று வங்கிகளிலும் உரிமம் பெற்ற நாணய மாற்றுநரிடமும் அன்றைய நோட்டு விலையைக் கேளுங்கள். விலைப் பலகையில் வங்கி மாற்றத்துக்கு ஒரு விலையும் நோட்டுக்கு ஒரு விலையுமாக இருக்கும், நோட்டுக்குக் குறைவு. முதல் வேலையாகக் கிணற்று மோட்டரைப் போடுங்கள். அதற்கும், திடீர் ஆஸ்பத்திரிச் செலவு, ஓட்டு மாற்றம் என்று வருவதற்கும் சேர்த்து ஒன்றரை இலட்சம் சேமிப்புக் கணக்கில் கிடக்கட்டும். நாலு இலட்சம் நிலையான வைப்புக்கு.

உங்கள் கணவர் சொல்லும் ஒன்றரை வீதம் நாலு இலட்சத்துக்கு வருடம் 6,000 ரூபா. அதை அதிகம் இடர் இல்லாமல் வங்கியிலேயே எடுக்க வழி இருக்கிறது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 10 இலட்சம் வரையான ஒரு வருட வைப்புக்கு வழமையான வட்டிக்கு மேல் 3 வீதம் கொடுக்கும் திட்டத்தை அரசாங்கம் 2025 யூலையில் தொடங்கியது. நாலு இலட்சத்துக்கு அது 12,000 ரூபா. வங்கியில் தாங்களாகச் சொல்லமாட்டார்கள், மூத்த பிரஜைகள் வைப்பு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அதோடு, 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10 வீதம் வரியாகப் பிடிக்கிறார்கள். வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் இருப்பவர் சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள். 8 வீதப்படி உங்கள் வட்டி 32,000 என்றால் 3,200 ரூபா மிச்சம். படிவத்தை ஒவ்வொரு வங்கிக்கும் தனித்தனியாகக் கொடுக்கவேண்டும்.

ஃபைனான்ஸ் கம்பனிகள் எல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை. மத்திய வங்கியின் உரிமம் உள்ள நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை வைப்புக் காப்புறுதி உண்டு. ஆனால் நிறுவனம் விழுந்தால் அந்தக் காசுக்குப் படிவம் நிரப்பிக் காத்திருக்கவேண்டும். 6,000 ரூபாவுக்காக எழுபதை நெருங்கும் வயதில் அந்த அலைச்சல் எதற்கு?

பெறாமகன் விஷயத்தில் கொஞ்சம் நேராகவே சொல்கிறேன், கோபிக்கவேண்டாம். மாதம் 3 வீதம் என்றால் வருடத்துக்கு 36. ஐந்து இலட்சத்துக்கு மாதம் 15,000 ரூபா. பலசரக்குக் கடை லாபத்தில் அந்த வட்டியைக் கட்டி, முதலையும் திருப்பித் தரும் ஆளை நான் அரிதாகத்தான் கண்டிருக்கிறேன். மனைவியின் நகையை வங்கியில் அடைவு வைத்தால் இதைவிட எவ்வளவோ குறைந்த வட்டிக்கு எடுக்கலாம். அதை விட்டு உங்களிடம் வருகிறார் என்றால், நகை ஏற்கெனவே அடைவில் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும். முதல் மூன்று நாலு மாதம் வட்டி நாள் தவறாமல் வரும். பிறகு "சித்தி, இந்த மாதம் மட்டும்" என்று தொடங்கும். புரோநோட் கையில் இருக்கலாம், அதை எடுத்துக்கொண்டு சொந்தப் பெறாமகன் மேல் வழக்குப் போடுவீர்களா? போடமாட்டீர்கள். உதவ மனம் இருந்தால், திரும்பி வராவிட்டாலும் கவலைப்படாத ஒரு தொகை, 50,000 என்று வைப்போம், வட்டி இல்லாமல் கொடுத்துவிடுங்கள். நல்லூர்த் திருவிழாவில் கண்டால் முகம் திருப்பாமல் கதைக்கலாம்.

மகளின் உண்டியல் யோசனை பழையது. 2021 கடைசியிலும் 2022 தொடக்கத்திலும் வங்கி விலை 203 இல் கட்டுப்பட்டுக் கிடந்தது, உண்டியல்காரர் கொடுத்தது அதைவிட நல்லாய்க் கூட. அப்போது சனம் அங்கே ஓடியதில் ஆச்சரியம் இல்லை. இப்போது அந்த இடைவெளி அநேகமாக மூடிவிட்டது. உண்டியல் சட்டவிரோதம் என்பது ஒருபுறம் இருக்க, முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய கணக்கிலிருந்து உங்கள் பாஸ்புக்கில் காசு விழும். அந்த ஆள் வேறு விசாரணையில் மாட்டினால் உங்கள் ஓய்வூதியம் விழும் கணக்கும் சேர்ந்து முடங்கலாம். வங்கி வழியாக அனுப்பச் சொல்லுங்கள். நோட்டு விலையை விட நல்ல விலையும் கிடைக்கும், காசு வந்த வழிக்கு எழுத்தில் ஆதாரமும் இருக்கும். விரும்பினால் அதையும் டொலர்க் கணக்குக்கே எடுக்கலாம்.

கணக்குகளை இரண்டு பேர் பெயரிலும், இருவரில் எவரும் கையெழுத்திடலாம் என்ற ஒழுங்கில் திறவுங்கள். நிலையான வைப்புக்கு முதிர்வு நாளில் தானாகப் புதுப்பிக்கும்படி எழுதிக் கொடுங்கள், அடுத்த முறை ஸ்காபரோவில் இருந்துகொண்டு கோண்டாவிலுக்குக் கோல் எடுக்கத் தேவையில்லை. ஓய்வூதியத்துக்கு வருடாவருடம் கொடுக்கும் உயிர்வாழ்ச் சான்றிதழை இந்த வருடம் கொடுக்காமல் பயணம் போயிருந்தால், மோட்டர் வாங்கப் போகும் வழியில் பிரதேச செயலகத்துக்கும் ஒருக்கா போய்விட்டு வாருங்கள்.