ஒன்பது ஆட்டங்களுக்குள் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: எங்கள் ஐஸ் ஹாக்கி அணி டிராஃப்டில் (இளம் வீரர் தேர்வு) முதல் சுற்றில் எடுத்த 18 வயது விங்கர் (ஓரத்தில் ஆடும் தாக்குதல் வீரர்) ப்ரீ-சீசனில் கோலாகப் போட்டுத் தள்ளினான். ஆனாலும் ஒன்பது ஆட்டம் ஆடவிட்டு ஜூனியர் லீக்குக்கே (20 வயது வரையிலானவர்கள் ஆடுவது) அனுப்பிவிடுவார்கள் என்கிறார்கள். வட அமெரிக்காவின் உச்ச லீக்கான என்.ஹெச்.எல்.லிலேயே வைத்துக்கொண்டால் என்ன நஷ்டம்?

பதில்: கோல் கணக்கை முதலில் ஒதுக்கி வையுங்கள். ப்ரீ-சீசன் தொடக்கத்தில் எதிரே நிற்பவர்களில் பலர் அக்டோபரில் என்.ஹெச்.எல்.லுக்கு அடுத்த நிலை லீக்கான ஏ.ஹெச்.எல்.லுக்குப் போகப்போகிறவர்கள். கடைசி ஓரிரு ஆட்டங்களில்தான் அணிகள் ஏறக்குறைய முழு பலத்தோடு இறங்கும்.

அவற்றிலும், பக் (ஆடும் ரப்பர் வட்டு) அவனிடம் வந்து சேரும் அந்த ஒரு நொடியைக் கவனியுங்கள். சொந்தப் பகுதியில் டிஃபென்ஸ்மேன் (தற்காப்பு வீரர்) பலகையோரமாகப் பக்கை விங்கருக்குத் தள்ளுவார். அதைப் பறிக்க எதிரணி டிஃபென்ஸ்மேன் அந்தப் பகுதியின் எல்லையான நீலக்கோட்டிலிருந்து பாய்ந்து வருவார். பக் வருவதற்குள் நம் பையன் ஒருமுறை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறானா? இடி வாங்கினாலும் பக்கை நடுவில் ஆடும் சென்டரிடமோ நீலக்கோட்டுக்கு வெளியேயோ சேர்த்துவிடுகிறானா? ஜூனியரில் இது தெரியாமலேயே வேகத்தை வைத்துத் தப்பித்துவிடலாம். இங்கே இரண்டு முறை பறிகொடுத்தால் மூன்றாம் பீரியட் (கடைசி 20 நிமிடம்) முழுக்க பெஞ்சுதான்.

அடுத்தது நிமிடங்கள். முதல் மூன்று லைன்களில் (மாறிமாறி இறங்கும் மூவர் தாக்குதல் குழுக்கள்) இடமும், ஆட்டத்துக்கு 13, 14 நிமிடமும், கொஞ்சம் பவர் பிளேயும் (எதிரணி ஆள் குறைவாக ஆடும் நேரம்) கிடைக்குமென்றால் வைத்துக்கொள்ளலாம். நாலாவது லைனில் எட்டு நிமிடம் ஓடவிடுவதற்காக வைத்திருப்பது அந்தப் பையனுக்குச் செய்யும் அநியாயம். கோல் போடத் தெரிந்தவன், கோல் போட வாய்ப்பே இல்லாத வேலையில் ஒரு வருடத்தைத் தொலைப்பான்.

ஒன்பது என்பது ஒப்பந்தக் கணக்கு. 18, 19 வயதுக்காரர் பத்தாவது ஆட்டம் ஆடினால் மூன்று வருட ஒப்பந்தத்தில் முதல் வருடம் கழிந்துவிடும். ஆடாவிட்டால் ஒப்பந்தம் ஒரு வருடம் தள்ளிப்போகும். இந்தக் கணக்குக்காக மட்டும் தயாரான ஒருவனைத் திருப்பி அனுப்புவதை நான் ஏற்கமாட்டேன். அதேபோல, பத்தைத் தாண்டிவிட்டோமே என்று தயாராகாதவனைப் பிடித்துவைப்பதும் தப்பு.

லியோன் டிரைசைட்டில் இதற்கு நல்ல உதாரணம். 2014 டிராஃப்டில் மூன்றாவதாக எட்மன்டன் அணி எடுத்தது. 37 ஆட்டங்களில் 2 கோல், 7 அசிஸ்ட். ஒப்பந்தத்தில் ஒரு வருடம் போனது போகட்டும் என்று ஜனவரியில் ஜூனியருக்கு அனுப்பினார்கள். கெலோனா அணியில் ஆடி, கனடிய ஜூனியர் சாம்பியன்ஷிப்பான மெமோரியல் கோப்பையின் சிறந்த வீரரானார். அடுத்த சீசனையும் ஏ.ஹெச்.எல்.லில்தான் தொடங்கினார், மேலே அழைத்தபின் 72 ஆட்டங்களில் 51 புள்ளி (கோலும் அசிஸ்டும் சேர்த்து). 2019-20-ல் 110 புள்ளிகளோடு, மிக மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் கோப்பையும் வாங்கினார். அந்த ஜனவரியில் அவரை இறக்கியது தண்டனை என்று யாரும் இன்று சொல்லமாட்டார்கள்.

கனடிய ஜூனியர் வீரர்களுக்கு உண்மையான சிக்கல் வேறு. 18 வயதில் அவர்களை ஏ.ஹெச்.எல்.லுக்கு அனுப்ப முடியாது என்பது நெடுநாள் விதி. என்.ஹெச்.எல். இல்லையென்றால் ஜூனியர், நடுப்படி இல்லை. ஐரோப்பாவிலிருந்து வந்த டிஃபென்ஸ்மேன் மோரிட்ஸ் சைடருக்கு அந்தப் படி கிடைத்தது. 2019-ல் டெட்ராய்ட் எடுத்ததும் ஒரு சீசன் ஏ.ஹெச்.எல்.லில் கிராண்ட் ராபிட்ஸ், அடுத்தது ஸ்வீடனில் ரோக்லே. அதன் பிறகுதான் என்.ஹெச்.எல்.; முதல் சீசனிலேயே 50 புள்ளி, சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பை. டிஃபென்ஸ்மேன்களுக்கு இந்தப் பொறுமை இன்னும் அவசியம், கோல்கீப்பர்களுக்கு அதைவிடவும்.

கிராஸ்பி, மெக்கினன் போல 18 வயதிலேயே தயாராக வருகிறவர்கள் உண்டு. அவர்களைப் பார்த்து மற்ற எல்லோரையும் எடைபோடக் கூடாது.

உங்கள் விங்கர் விஷயத்தில் அணி தயங்கினால் டிசம்பர் கடைசி வரை பொறுத்துப் பாருங்கள். அப்போது உலக ஜூனியர் போட்டி (20 வயதுக்குட்பட்ட தேசிய அணிகளுக்கானது) வரும். 2022-ல் சியாட்டில் அணி, எட்டே என்.ஹெச்.எல். ஆட்டம் ஆடியிருந்த ஷேன் ரைட்டை அதற்கு விடுவித்தது. கனடாவுக்குத் தலைமை தாங்கித் தங்கம் வென்றார். அங்கிருந்து நேராக ஜூனியருக்கு அனுப்பினார்கள்.